காருக்குக் காபன் ஃபைபர் பொனட்டா? புரட்டிப் பார்த்து வாங்குங்கள்

மேல்பக்கம் எல்லாமே பளபளக்கும், அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை நார் தெரிந்தால் உள்ளே கண்ணாடியிழை, மேலே ஒரேயொரு காபன் துணி. அடியில் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஊசித் துளைகளைத் தேடுங்கள். ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் ஓசை ஓரிடத்தில் மந்தமானால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம்.

கீலும் பூட்டும் பொருந்தும் இடங்கள்தான் முக்கியம். அங்கே உலோகத் தகடு ரெசினுக்குள் (நாரை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) பதிந்திருக்க வேண்டும்; வெறும் துளை போதாது. நுவரெலியா பனிமூட்டத்தில் ஈரம் லேசில் காயாது; அந்த ஈரத்தில், காபனை நேரடியாகத் தொடும் அலுமினியத் தகடு அரித்துப்போகும். இடையில் கண்ணாடியிழைப் படை இருக்கிறதா என்று கேளுங்கள். யூவி (புற ஊதாக் கதிர்) தாங்கும் கிளியர் கோட், அதாவது நிறமற்ற மேற்பூச்சு, இல்லாவிட்டால் மலை வெயிலில் மஞ்சளாகிவிடும். பொனட் திறந்துகொள்ளாமல் பிடிக்கும் பொனட் பின் இரண்டும் பூட்டாமல் ஹட்டன் வீதியில் வேகமெடுக்காதீர்கள்.