டிரெய்னிங் வேண்டும் என்று கேட்டதும் தேதி குறிக்காதீர்கள்

நிறுவனங்களின் பயிற்சித் துறையில் இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டிவிட்டேன், பாதிக்கு மேல் துறைத் தலைமையில். செய்ததிலேயே பெரிய தவறு எது என்றால், கேட்டவர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்ததுதான்.

ஒரு மேனேஜர் வருவார். "என் டீமுக்கு கஸ்டமரிடம் பேசவே தெரியவில்லை, ரெண்டு நாள் டிரெய்னிங் போடுங்க" என்பார். நான் ஒருமுறை உடனே சரி என்று சொல்லி மொத்த டீமையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன், மூன்று மாதம் கழித்தும் புகார் ஒன்றுகூடக் குறையவில்லை. அப்புறம் அவர்கள் வேலை செய்யும் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது, ஒரு அழைப்பை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அங்கே இன்சென்டிவ். சட்டென்று போனை வைப்பவருக்குக் காசு, பொறுமையாகக் கேட்பவருக்குத் திட்டு. இதற்கு நான் பேச்சுத்திறன் வகுப்பு எடுத்திருக்கிறேன்!

வேலை சரியாக நடக்காததற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்பதை அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கில்பர்ட் 1978லேயே ஆறு கட்டங்களாகப் போட்டுக் காட்டிவிட்டார். என்ன எதிர்பார்க்கிறோம் என்ற தகவல், கருவிகள், ஊக்கத்தொகை, இந்த மூன்றும் நிறுவனத்தின் கையில். அறிவு, இயல்பான ஆற்றல், விருப்பம், இந்த மூன்றும் ஆளிடம். ஆறில் பயிற்சி நேரடியாகச் சரிசெய்யக்கூடியது அறிவு என்ற ஒரே கட்டத்தைத்தான். ஆனால் எல்லாக் கோளாறும் நம் மேசைக்கு வரும்போது "டிரெய்னிங் வேணும்" என்ற பெயரில்தான் வரும். அதனால் முதலில் ஒன்று கேளுங்கள்: உயிரே போகும் என்ற நிலை வந்தால் இந்த வேலையை இவர்கள் செய்துவிடுவார்களா? செய்துவிடுவார்கள் என்றால் வகுப்பறையில் உங்களுக்கு வேலை இல்லை.

அடுத்தது மதிப்பீடு. ஒரு பயிற்சி பலித்ததா என்று பார்க்க அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959ல் நான்கு படிகள் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, பலன் வந்ததா. நம்மில் பலர் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். வகுப்பு பிடித்ததா என்ற கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு 4.7 வந்தது என்று மேலிடத்தில் நானும் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். அரைமணி நேரம் முன்னதாக விட்டாலே அந்த மார்க் ஏறும் என்பது எல்லாப் பயிற்றுநருக்கும் தெரிந்த ரகசியம்.

ஸ்லைடில் போடும் எண்களையும் சரிபாருங்கள். படிப்பதில் 10 சதவீதம் நினைவிருக்கும், செய்வதில் 90 சதவீதம் என்று ஒரு கூம்புப் படம் சுற்றுகிறதே, அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946ல் வெளியிட்ட மூலக் கூம்பில் சதவீதமே கிடையாது. யாரோ பிறகு சேர்த்தது. நானும் வருடக்கணக்கில் காட்டினேன், ஒருவரும் கேட்கவில்லை. மறதிக்கு எல்லோரும் இழுக்கும் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸின் 1885 சோதனையிலும் கவனம் வேண்டும், அவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன்மேல் நடத்திய சோதனை அது. மறதி வேகமாக வரும் என்பது சரி, ஆனால் அதில் கிடைத்த எண்ணை அப்படியே உங்கள் வகுப்புக்கு ஒட்டாதீர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டுவதற்குப் பதில் ஒரு வாரம், ஒரு மாதம் இடைவெளிவிட்டு நான்கு கேள்வி அனுப்புங்கள். கற்றதைப் பயன்படுத்த ஒரு வேலையும் கொடுக்கச் சொல்லி மேனேஜரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர் கண்டுகொள்ளாவிட்டால் எவ்வளவு நல்ல வகுப்பும் அடுத்த திங்கட்கிழமை தாண்டாது.

திறமையாளர் தேர்விலும் ஒரு பழைய வழுக்கல் உண்டு, இன்று நன்றாக வேலை செய்பவரை நாளைய தலைவர் என்று இன்றைய செயல்பாட்டையும் நாளைய வளர்ச்சி வாய்ப்பையும் வைத்து ஆட்களை அடுக்கும் ஒன்பது கட்ட அட்டவணையின் மேல் மூலையில் போட்டுவிடுவது. நல்ல விற்பனையாளரை மேனேஜர் ஆக்கி, விற்பனையாளரும் போய் நல்ல மேனேஜரும் கிடைக்காமல் போன கதை எனக்கும் உண்டு.

இப்போதெல்லாம் பயிற்சி கேட்டு வருபவரிடம், இது முடிந்ததும் எந்த எண் மாறவேண்டும், அதை நீங்கள் எப்போது பார்த்துச் சொல்வீர்கள் என்று எழுதித் தரச் சொல்கிறேன். பாதிப் பேர் அந்தத் தாளோடு திரும்பி வருவதில்லை.