கடற்கரை விடுதிப் பகுதியில் ஸ்டேக்: எங்கெங்கே கோட்டை விடுகிறோம்?

கடற்கரை ஊரில் மீன் கரையிலேயே இறங்கும். மாட்டிறைச்சி பெரும்பாலும் எங்கிருந்தோ வரவேண்டும். தீவு என்றால் கப்பலிலோ விமானத்திலோ, உறையவைத்தோ காற்று நீக்கிய பையில் அடைத்தோ. அதனால் நல்ல ஸ்டேக் (தடிமனாக வெட்டி வாட்டிய மாட்டிறைச்சித் துண்டு) எங்கே கிடைக்கும் என்று தேடுவதைவிட, எந்தச் சமையலறையில் இறைச்சி தேங்காமல் ஓடுகிறது என்று தேடுவதுதான் சரி. நாளுக்கு 50 ஸ்டேக் போகும் கடையில் சரக்கு புதிது, அடுப்பு எப்போதும் சூடு, சமைப்பவரின் கை பழகியது. மீன், பாஸ்தா, பீட்சா என்று 80 பண்டங்களுக்கு நடுவே வாரத்துக்கு நான்கு ஸ்டேக் விற்கும் கடையில் இந்த மூன்றும் இருக்காது. மெனுவில் மாட்டிறைச்சிக்கு ஒரே ஒரு வரி, அதுவும் 'கிரில்டு ஸ்டேக்' என்று மட்டும் போட்டிருந்தால், எந்த வெட்டு, எத்தனை கிராம் என்று அந்தக் கடைக்கே அக்கறை இல்லை என்று அர்த்தம். அங்கே மீனையே வாங்கிச் சாப்பிடுங்கள்.

அலைக்கு எதிரே உள்ள மேசை

அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். கடலைப் பார்த்த இடத்துக்கு வாடகை அதிகம். வருகிறவர்களோ நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்கள். கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு, மூன்று தெரு உள்ளே தள்ளி இருக்கும் கடை, ஊர்க்காரர்கள் திரும்ப வந்தால்தான் பிழைக்கும். விடுதி வரவேற்பில் "நல்ல ஸ்டேக் எங்கே கிடைக்கும்?" என்று பொதுவாகக் கேட்டால், விடுதியோடு ஏற்பாடு வைத்திருக்கும் கடையின் பெயர் வரலாம். "உங்கள் வீட்டில் விசேஷம் என்றால் எங்கே போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், வேறு பெயர் வரும்.

அதற்காக விடுதிக்குள் இருக்கும் ஸ்டேக் உணவகத்தை ஒதுக்கிவிடவும் வேண்டாம். பெரிய விடுதி மொத்தமாக வாங்குகிறது, நல்ல குளிர் அறை வைத்திருக்கிறது. சில இடங்களில் அந்தப் பகுதியிலேயே சிறந்த ஸ்டேக் அங்கேதான் கிடைக்கும். ஒதுக்க வேண்டியது பஃபேயில் கிடைக்கும் ஸ்டேக்கை. ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, முன்கூட்டியே வாட்டி, சூட்டு விளக்கின் கீழே வைத்திருப்பார்கள். எல்லாச் செலவும் அடங்கிய தொகுப்பில் தங்குகிறவர்கள் தனி உணவகத்தில் இடம் பிடிக்க நாலாம் நாள் வரை காத்திராமல், வந்து இறங்கிய அன்றே முன்பதிவு செய்வது நல்லது. ரிப்-ஐ (விலாப் பகுதி வெட்டு), டெண்டர்லாயின் (முதுகெலும்பை ஒட்டிய மிருதுவான தசை) போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதி, காற்று. மீடியம் ரேர் (நடுவில் சிவப்பாக இருக்கும்) பக்குவத்தில் ஸ்டேக்கின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கிறது. அதைச் சூடில்லாத பீங்கான் தட்டில் வைத்து, கடற்காற்று வீசும் திறந்த தளத்துக்குக் கொண்டுவந்தால், நீங்கள் படம் எடுத்து முடிப்பதற்குள் மேல்பக்கம் ஆறிவிடும். ஓரத்தில் பளபளவென்று உருகியிருந்த கொழுப்பு மங்கி, மெழுகு போல வெளுக்கும். வாயில் போட்டால் மேல் அண்ணத்தில் ஒட்டும். வாங்கிய இறைச்சியிலும் குறையில்லை, வாட்டியதிலும் குறையில்லை. உட்கார்ந்த இடம்தான் கெடுத்தது. கடலை மாலையில் ஒரு பானத்தோடு பார்த்துவிட்டு, சாப்பிட உள்ளே போய்விடுங்கள். வெளியேதான் உட்கார வேண்டும் என்றால் தட்டைச் சூடாக்கித் தரச் சொல்லுங்கள். துண்டு போட்டுப் பரிமாற வேண்டாம், முழுதாகவே வரட்டும் என்றும் சொல்லுங்கள். வெட்டி அடுக்கியது இன்னும் வேகமாக ஆறும்.

சூரியன் மறையும் நேரத்துக்கு எல்லாரும் ஒரே சமயத்தில் வந்து உட்காருவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். குளிர்ந்த இறைச்சியை வரிசையாக அடுக்கியதும் கிரில்லின் சூடு இறங்கிவிடும். ஈரம் உடனே ஆவியாகாமல் தேங்கினால் இறைச்சி வறுபடாது, தன் நீரிலேயே அவியும். பழுப்பு மேலோடு வராமல் சாம்பல் நிறத்தில் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ போனால் அதே கடையில் அதே இறைச்சி வேறு மாதிரி இருக்கும்.

மெனுவில் இருக்கும் பெரிய பெயர்கள்

'ஆங்கஸ்' என்பது மாட்டினம், தரத்தின் பெயர் இல்லை. நல்ல ஆங்கஸும் உண்டு, சுமாரான ஆங்கஸும் உண்டு. தரம் என்றால் அமெரிக்க வேளாண் துறை வைத்திருக்கும் பிரைம், சாய்ஸ், செலக்ட் போன்ற வரிசை. தசைக்குள் வெள்ளை இழைகளாக ஓடும் கொழுப்பின் அளவுதான் இதில் முக்கியமான அளவுகோல். மார்பிளிங் என்று சொல்வது இதைத்தான். ஜப்பானிய முறையில் ஏ5 என்றால், ஏ என்பது உடலிலிருந்து கிடைக்கும் இறைச்சியின் விகிதத்தைக் குறிக்கும், 5 என்பது இறைச்சியின் தரத்தைக் குறிக்கும். மார்பிளிங் 12 வரை போகும் அளவுகோலில் 8-க்குக் குறையாமல் இருந்தால்தான் 5 கிடைக்கும். வெறுமனே 'வாக்யூ' (ஜப்பானிய மாட்டினம்) என்று எழுதியிருந்தால் எந்த நாட்டு வாக்யூ, கலப்பினமா, மார்பிளிங் எண் என்ன என்று கேட்கலாம். 'கோபே' என்ற பெயர் ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் வளரும் தஜிமா மாட்டுக்கு மட்டுமே உரியது. பர்கரிலும் கோபே, பாஸ்தாவிலும் கோபே என்று போட்டிருக்கும் கடற்கரைக் கடையில் மற்றச் சொற்களையும் அதே கண்ணோடு படியுங்கள்.

உண்மையான ஏ5 கிடைத்தாலும் அதை 300 கிராம் தனியாளாக வாங்குவது தவறுதான். அவ்வளவு கொழுப்பு நாலு வாய்க்கு மேல் திகட்டும். நூறு கிராம் வாங்கி இரண்டு பேர் பகிர்ந்தால் சரியாக இருக்கும்.

'டிரை ஏஜ்டு' என்றால் 0 முதல் 4 டிகிரி குளிரில், ஈரப்பதமும் காற்றோட்டமும் கட்டுப்படுத்தி, எலும்போடு பெரிய துண்டாக மூன்று வாரமோ அதற்கு மேலோ தொங்கவிடுவது. இறைச்சியின் சொந்த நொதிகள் தசையை இளக்கும், நீர் வற்றிச் சுவை அடர்த்தியாகும். நீர் போன எடையும், காய்ந்த மேல்பக்கத்தைச் சீவி எறிவதும் விலையில் ஏறும். "எத்தனை நாள்?" என்று கேளுங்கள். உடனே எண் வந்தால் நம்பலாம். டெண்டர்லாயினை டிரை ஏஜ் செய்ததாகச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்: சின்னத் துண்டு, கொழுப்புப் போர்வை இல்லை, சீவினால் மிஞ்சுவது குறைவு, அதனால் அது அபூர்வம்.

உறைந்த இறைச்சி என்றாலே மட்டம் என்று நினைப்பதும் தவறுதான். குளிர்பெட்டியில் ஒரு நாள் முழுக்க மெதுவாக உருகவிட்டால் பெரிய நஷ்டமில்லை. ஆர்டர் வந்த பிறகு வெந்நீரில் போட்டு உருக்குவதுதான் கெடுக்கிறது.

எடைக் கணக்கு

மெனுவில் இருக்கும் கிராம் பச்சை எடை. 300 கிராம் போட்டிருந்தால், வெந்த பிறகு தட்டுக்கு வருவது 225 கிராம் அளவில் இருக்கும், யாரும் ஏமாற்றவில்லை. ஏமாறுவது வேறு இடத்தில்: டோமஹாக் போன்ற நீள எலும்பு வெட்டுகளை 100 கிராமுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள், எலும்பும் அந்த எடையில் சேர்த்தி. டோமஹாக் என்பது விலா எலும்பை நீளமாக விட்ட ரிப்-ஐ, அவ்வளவே. எலும்பில்லாத ரிப்-ஐ வாங்கினால் அதே இறைச்சி, குறைந்த செலவு, படம் மட்டும் அவ்வளவு எடுப்பாக வராது. எடை விலையில் வாங்கினால், வாட்டுவதற்கு முன் துண்டைக் கொண்டுவந்து காட்டி எடையைச் சொல்லச் சொல்லுங்கள்.

பக்குவம் சொல்லும்போது

நடுப்பகுதியின் சூடு ரேர் (லேசாக வெந்தது) 50, மீடியம் ரேர் 55, மீடியம் 60, வெல் டன் (முழுதாக வெந்தது) 70 டிகிரிக்கு மேல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் சொற்கள் நாட்டுக்கு நாடு நழுவும். பிரெஞ்சுக்காரர்களின் 'ஆ ப்வான்', ஆங்கிலத்தில் மீடியம் என்பதைவிடச் சிவப்பாகவே வரும். அர்ஜென்டினா பாணிக் கடையில் 'பீஃபே தே சோரிசோ' என்பது சோரிசோ தொத்திறைச்சி இல்லை, நல்ல ஸ்ட்ரிப்லாயின் (முதுகுப் பகுதி வெட்டு). சந்தேகம் இருந்தால் "நடுவில் இளஞ்சிவப்பு, சூடாக" என்று நிறத்தைச் சொல்லிவிடுங்கள். அது எங்கும் புரியும்.

நன்றாக வெந்ததுதான் பிடிக்கும் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வெட்டை மட்டும் மாற்றுங்கள். கொழுப்பில்லாத டெண்டர்லாயின் 70 டிகிரியில் சக்கையாகிவிடும்; ரிப்-ஐ தாங்கும். தட்டில் ஓடும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை, தசையிலுள்ள மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கலந்த நீர்.

ஒரு இடத்தில் மட்டும் நல்ல பக்குவம் என்பது சுவை விஷயம் இல்லை. முழுத்தசை ஸ்டேக்கில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும், சூட்டில் போய்விடும். மலிவான வெட்டுகளை மிருதுவாக்க ஊசிகளாலோ கத்திகளாலோ குத்துவது உண்டு. அப்போது மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. கனடாவில் 2014 முதலும் அமெரிக்காவில் 2016 முதலும் இப்படிக் குத்திய இறைச்சிப் பொட்டலத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று விதி வந்தது. உணவக மெனுவில் அது தெரியாது. மலிவு விலையில், தசைநார் எதுவும் பல்லில் படாமல் விநோதமாகப் பஞ்சு போல இருக்கும் ஸ்டேக் என்றால் ரேர் வேண்டாம். 63 டிகிரி வரை வேகவைத்து 3 நிமிடம் ஆறவிடுவதுதான் அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரை. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் எங்கேயும் முழுதாக வெந்ததையே சாப்பிடட்டும்.

பிரேசில் பாணி உணவகத்தில் கம்பியில் குத்திய இறைச்சியை மேசை மேசையாகக் கொண்டுவருவார்கள். முதலில் வருவது தொத்திறைச்சியும் கோழியும். சாலட் மேசையிலும் அவற்றிலும் வயிற்றை நிரப்பிவிட்டால் பிக்கான்யா வரும்போது இடமிருக்காது. அந்தக் கொழுப்புத் தொப்பி வைத்த வெட்டுக்காகத்தான் அங்கே போவதே. பரிமாறுகிறவரிடம் அதை நேராகவே கேட்டுவிடலாம்.

லாப்ஸ்டரும் ஸ்டேக்கும் ஒரே தட்டில் வரும் 'சர்ஃப் அண்ட் டர்ஃப்' கடற்கரைக் கடைகளுக்குச் செல்லப்பிள்ளை. இரண்டுக்கும் வேகும் நேரம் வேறு. ஒன்று மற்றதற்காகக் காத்திருக்கும், காத்திருந்தது காய்ந்துவிடும். தனித்தனியாக வாங்குங்கள்.

தட்டு வந்த பிறகு

நாலு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஸ்டேக் கிரில்லில் 10 நிமிடமாவது இருக்கவேண்டும், பிறகு 5 நிமிடம் ஆறவேண்டும். ஆர்டர் கொடுத்த ஆறாம் நிமிடமே வந்தால், துண்டு மெலிசாக இருக்கும் அல்லது முன்பே வெந்நீர்த் தொட்டியில் பையோடு வேகவைத்து மேலே மட்டும் வாட்டியிருப்பார்கள். பின்னது மோசமில்லை, நிறம் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக இருக்கும்.

ஓரத்தை வெட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே எப்போதும் கூடுதலாகத்தான் வெந்திருக்கும். நடுவில் ஒரே ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். வேகாமல் இருந்தால் திருப்பி அனுப்பலாம், இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். கூடுதலாக வெந்ததைச் சரிசெய்ய வழியில்லை. இரண்டு பக்குவத்துக்கு நடுவே தயங்கினால் குறைந்ததையே சொல்லுங்கள். தவறு என்றால் முதல் வாயிலேயே சொல்லவேண்டும். பாதி தின்ற பிறகு சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள். புதுத் துண்டு போடுவதாகச் சொன்னால் இன்னும் கால் மணி நேரம் ஆகும். கூட வந்தவர்களை ஆறவிடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.