உறவினரைக் கேட்டுக் குடும்ப வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாயியிடம் குடும்பக் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று முதன்முதலாகப் பந்தலூருக்குப் போனபோது, என் கையில் 22 கேள்விகள் எழுதிய நோட்டு ஒன்று இருந்தது. முதல் கேள்வி, அவர் பிறந்த ஆண்டு எது என்பது. அவர் சற்று நேரம் அடுப்பையே பார்த்திருந்துவிட்டு, "அதெல்லாம் கார்டுல போட்டிருப்பாங்க, பாத்துக்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அன்று மாலை வரை அவர் வேறு எதையும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றை முதலிலேயே கேட்டு, தனக்குத் தெரிந்தவற்றுக்கும் மதிப்பில்லை என்று அவரை நினைக்க வைத்துவிட்டேன் என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது.

ஆண்டைக் கேட்டுத் தொடங்குவதே இந்த வேலையில் பலரும் செய்யும் முதல் தவறு. பிறந்த தேதியைப் பதிந்துகொள்ளும் வழக்கம் இல்லாத வீடுகளில் பிறந்தவர்கள் நம் பெரியவர்கள். வலக்கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடக்காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம் அது. அன்று ஆசிரியர் எழுதிய தேதியே பிற்காலத்தில் எல்லாச் சான்றிதழ்களிலும் பிறந்த தேதியாக நின்றுவிட்டது. அவர்களுடைய நினைவு ஆண்டுக் கணக்கில் நடப்பதில்லை. எந்தத் தேயிலைத் தோட்டம், எந்த லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடு, ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி யார், எந்தப் பிள்ளை இடுப்பில் இருந்தது, எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தது என்ற கணக்கிலேயே அது நடக்கிறது. ஆண்டைக் கண்டுபிடிப்பது கேட்பவரின் வேலை; சொல்பவர் தலையில் அதைச் சுமத்தக் கூடாது.

நீலகிரியில் கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, குன்னூர், கோத்தகிரி என்று பரவியிருக்கும், இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் பொருந்தும். 1964 அக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் குடியுரிமையின்றி இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொள்வது என்பது 1974இல் முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டமே 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. நாம் அதை டான்டீ என்கிறோம். இவை நமக்குத் தெரிந்த ஆண்டுகள். சொல்பவருக்குத் தெரிந்தது எந்தக் கரையில் இறங்கினோம் என்பது. "தனுஷ்கோடில எறங்குனோம்" என்று ஒருவர் சொன்னால், அது 1964 டிசம்பர்ப் புயலுக்கு முந்திய பயணம். அந்தப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இலங்கையின் தலைமன்னாரிலிருந்து வரும் கப்பல் இராமேசுவரத்துக்கே வந்தது. இறங்கிய இடத்தை மட்டும் கேட்டு, ஆண்டை நாமே குறித்துக்கொள்ளலாம்.

இதே முறை இன்னும் பின்னால் போகவும் உதவும். பாட்டன் இலங்கையின் மன்னார்க் காட்டு வழியே நடந்து மாத்தளைக்குப் போனார் என்ற கதை ஒரு வீட்டில் வழங்கினால், அது பெரும்பாலும் 1914இல் தலைமன்னார் வரை ரயிலும் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் வருவதற்கு முந்திய காலத்தைச் சேர்ந்தது. "காப்பிக்குப் போனாரு" என்ற சொல் இருந்தால், இலைநோய் வந்து இலங்கையின் காப்பித் தோட்டங்கள் அழிவதற்கு முன், அதாவது 19ஆம் நூற்றாண்டின் மூன்றாம் காற்பகுதியையோ அதற்கு முன்னரோ பார்க்க வேண்டியிருக்கும். தொழிலாளியின் கடனைக் குறித்துக் கையில் கொடுத்த துண்டைப் பற்றி யாராவது சொன்னால், அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ளலாம். பெரியவர் ஒருவர் தமிழ் ஆண்டின் பெயரைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். தாது வருஷத்துப் பஞ்சம் 1876இல் தொடங்கியது. ஆனால் 1936–37ம் தாது வருஷமே. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வருகிறது, ஆண்டும் சித்திரையில்தான் பிறக்கிறது என்பதை மறந்தவர்கள் ஒரு தலைமுறையையே இடம் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

இரண்டாவது தவறு, கேட்ட கதையை நமக்கு முன்பே தெரிந்த கதையோடு பொருத்திவிடுவது. இதில் நான் பட்ட பாடு பெரிது. என் பெரிய அத்தை ஒருநாள் மண்டபம் முகாமைப் பற்றி விரிவாகச் சொன்னார். வரிசையில் நிற்க வைத்தது, ஊசி போட்டது, சில நாள் அடைத்து வைத்தது, சோற்றுத் தட்டுக்குச் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எல்லாம் வந்தது. எங்கள் குடும்பம் திரும்பி வந்தபோது மண்டபத்தில் தங்கியது எனக்குத் தெரியுமாதலால், அதன் விவரம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் நான்கு பக்கம் எழுதிவிட்டேன். பல மாதம் கழித்து அதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, "அது நாங்க வந்தப்ப இல்லடா, எங்க அப்பாயி போனப்ப. எங்களுக்கு அது சொல்லித்தான் தெரியும்" என்றார். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடமும், பின்னாளில் திரும்பி வந்தவர்களைத் தங்க வைத்த இடமும் அதே மண்டபம்தான். ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்ததால் என் பூட்டியின் பயணத்தை என் அத்தையின் பயணமாக ஆக்கியிருந்தேன். யாருக்கு நடந்தது, நீங்கள் பார்த்ததா, கேட்டதா என்ற இரண்டு கேள்விகளையும் அன்றே கேட்டிருந்தால் இந்தப் பிழை நேர்ந்திருக்காது. "கலவரத்துல வந்தோம்" என்ற பேச்சுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: 1958, 1977, 1983 என்று இலங்கையில் கலவரங்கள் பல, எது என்று கேட்காமல் 1983 என்று எழுதிவிடக் கூடாது.

பெயர்க் குழப்பம் தனி வகை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால், ஒரே குடும்பத்தில் ஒன்றுவிட்ட தலைமுறையில் ஒரே கருப்பையா திரும்பத் திரும்ப வருவார். பெரியப்பா வீட்டிலும் ஒருவர், சித்தப்பா வீட்டிலும் ஒருவர் இருப்பார். தாத்தா என்ற ஒரு சொல் தந்தையின் தந்தையையும், அவருடைய தம்பியையும், தாயின் தந்தையையும், சில வேளை பக்கத்து லயத்துப் பெரியவரையும் குறிக்கும். அக்காள் மகளை மணந்த தாய்மாமன் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் கொடிவழிப் படத்தில் அவரை இரண்டு இடத்தில் வைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை எல்லாக் குறிப்புகளிலும் பயன்படுத்துவது ஒன்றே இதற்கு நான் கண்ட வழி.

ஆண்களை மட்டும் கேட்பது மிகப் பெரிய இழப்பில் முடிகிறது. அட்டையும் பாஸ்போர்ட்டும் குடும்பத் தலைவர் பெயரில் இருப்பதால் கதையும் அவரிடமே இருக்கும் என்று எண்ணுகிறோம். எங்கள் வீட்டில் நடுக்கூடத்தில் அமர்ந்து பேசியவர் பெரியப்பா. அவர் தோட்டங்களின் பெயரையும் தொழிற்சங்கத்தின் கதையையும் ஒழுங்காகச் சொன்னார். பெரியம்மா அன்று ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் காலையில் நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது, அப்பாயிக்குப் பிறந்தவர்கள் ஐந்து பேரல்லர், எட்டுப் பேர் என்று அவர் சொன்னார். மூன்று பிள்ளைகள் தவறிப்போனதும், அவர்களில் ஒன்றுக்குப் பெயர் வைத்திருந்ததும், அந்தப் பெயரே என் தந்தைக்கு வைக்கப்பட்டது என்பதும் எந்த ஆவணத்திலும் இல்லை. எங்கள் குடும்பத்து ஆண்களில் ஒருவருக்கும் தெரியாது. பிரசவத்துக்குக் கூட இருந்தவர்களுக்கே அது தெரிந்திருந்தது. ஒரு குடும்பத்தில் பெண்களைத் தனியே, அவர்கள் வேலை செய்யும் இடத்தில், அவர்களுக்கு வசதியான நேரத்தில் கேட்காதவரை அந்தக் குடும்பத்தின் வரலாறு பாதிகூட எழுதப்படவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்களுடைய பிறந்த வீட்டையும் கேட்க வேண்டும். மருமகளாக வந்த நாளிலிருந்து மட்டும் ஒருவரின் வாழ்க்கை தொடங்குவதில்லை.

நேரமும் காலமும் இந்த மலையில் பார்த்தே ஆக வேண்டும். கொழுந்து நிறுவைக்கு ஓடும் வேளையில் போய் உட்காரக் கூடாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை தகரக் கூரையில் விழும் மழை, பேசுகிறவர் குரலை விழுங்கிவிடும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அதே தொல்லை ஐப்பசி மழையில் வரும். ஒலிப்பதிவைத் தொடங்கியதும் நாள், இடம், பேசுபவர் பெயர் ஆகியவற்றை நாமே சொல்லிப் பதிந்துவிட வேண்டும். எழுத்தில் இறக்குவதை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட்டால், பாதிச் சொற்கள் யாரைக் குறித்தன என்பதே நமக்கு மறந்துபோகும்.

இறக்கும்போது சொற்களைத் திருத்துவது படித்தவர்கள் ஆசையோடு செய்யும் தவறு. காம்பராவை அறை என்றும், பெரட்டை அணிவகுப்பு என்றும் மாற்றியவுடன் அந்த வாழ்க்கை அங்கேயே நின்றுவிடுகிறது. அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் விடியுமுன் நின்றவருக்கு அது பெரட்டுதான். ஹட்டி எனப்படும் படகர் ஊரில் வளர்ந்தவர்கள் வீட்டு மொழியில் சொல்வதைத் தமிழில் எழுத நேரும்போதும் அவர்களுடைய சொல்லை அப்படியே வைத்து, பொருளைப் பக்கத்தில் எழுதுவதே முறை.

ஆவணம் சொல்வதே உண்மை, பாட்டி சொல்வது கதை என்று நினைப்பதும் தவறு. நம்மவர் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகு வேறொருவரால் தமிழாக்கப்பட்டது. அதனால் ஒரே ஆளின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருக்கும். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்றும் இருந்தன. இரண்டையும் கேட்டு எழுதாவிட்டால், ஏட்டில் அந்தத் தோட்டத்தைத் தேடினாலும் கிடைக்காது. லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு நிலம் இல்லாததால், அவர்களைப் பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் தேடுவது வீண். செக்ரோல் என்னும் தோட்ட வருகை, சம்பளப் பதிவேட்டிலும் வருங்கால வைப்பு நிதித் தாள்களிலும் தேட வேண்டும். பழைய நில ஆவணம் உள்ள குடும்பங்கள் மாவட்ட எல்லையைக் கவனிக்க வேண்டும். நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கூடலூர்ப் பகுதி 1877 வரை மலபாரைச் சேர்ந்திருந்தது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் இதை மனத்தில் கொண்டே ஏடு கேட்க வேண்டும்.

கேட்கக் கூடாத இடமும் உண்டு. கூடலூர்ப் பக்கத்தில் ஜன்ம நிலங்கள் எனப்பட்ட பரம்பரை உடைமை நிலங்கள் பற்றிய 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் வழக்குகள் நீண்டன, பட்டா இல்லாமல் குடியிருக்கும் குடும்பங்களில் "இந்த இடம் எப்போது வந்தது?" என்று கைப்பேசியை நீட்டிக் கேட்டால், அது அவர்களுக்கு விசாரணையாகவே தோன்றும். சாதி, ஓடிப்போன திருமணம், அண்ணன் தம்பிக்குள் நின்றுபோன பேச்சு ஆகியவற்றைப் பெரியவர்கள் தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். எழுதலாமா என்பதைத் தனியே கேட்க வேண்டும். கலவரத்தைச் சொல்லும்போது குரல் நின்றால் பதிவை நிறுத்திவிட வேண்டும். என் சித்தப்பா அப்படி ஒருமுறை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்தோம். அந்தப் பகுதி எங்கள் புத்தகத்தில் இல்லை, வரவும் வராது. சொன்னவரிடம் கேளாமல் ஒலிப்பதிவைக் குடும்ப வாட்சப் குழுவில் போடுவது பெரிய துரோகம்.

பெருமைக்காக எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய கங்காணியின் பரம்பரை என்று சொல்லிக்கொள்ள எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். உண்மையாக இருந்தால், அந்தக் கங்காணிக்குக் கடன்பட்டு நின்றவர்களின் கதையையும் சேர்த்தே எழுத வேண்டும். நம் சொந்தக்காரர்களே அவர்களில் இருப்பார்கள்.

முடித்த பக்கங்களைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். நான் வாசித்துக் காட்டிய ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பெயராவது வந்தது. முரண்பட்ட இரு நினைவுகள் இருந்தால், இரண்டையும், யார் சொன்னது என்பதோடு எழுதி வையுங்கள். புகைப்படங்களின் பின்புறம் பென்சிலால் பெயர் எழுதுங்கள். மையால் எழுதினால் இந்த ஈரத்தில் ஊறி முகத்துக்கு வந்துவிடும். ஒலிப்பதிவின் ஒரு பிரதியை மலைக்குக் கீழே, வேறொரு உறவினர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.