நன்றாக வரைந்தால் மட்டும் போதாது: அனிமேஷன் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனிமேஷன் கற்க வருகிறவர்களில் பலருக்கு ஏற்கெனவே நன்றாக வரையத் தெரியும். அதனாலேயே ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு படத்தையும் இழைத்து இழைத்து மெருகேற்றுவார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்க்கவே மாட்டார்கள். ஃபிரேமில், அதாவது திரையில் ஒரு கணம் வந்துபோகும் ஒற்றைப் படத்தில், இருப்பதைவிட இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே நடப்பதுதான் முக்கியம் என்று வலியுறுத்தியவர் கனடாவில் பணியாற்றிய அனிமேஷன் கலைஞர் நார்மன் மெக்லாரன். இதை மறப்பதால்தான் மற்ற தவறுகளில் பாதி வருகின்றன.

ஒரு பந்து விழுவதை எடுத்துக்கொள்வோம். தாளில் 18 செ.மீ உயரத்திலிருந்து அது தரைக்கு வர அரை நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால், அரை நொடிக்கு ஆறு நகர்வுகள். புதியவர்கள் 18-ஐ ஆறால் வகுத்து, 3 செ.மீ-க்கு ஒரு பந்து வரைந்துவிடுவார்கள். ஓட்டிப் பார்த்தால் பந்து விழாது, லிஃப்டில் இறங்குவது போல இறங்கும். விழும் பொருளின் வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும் அல்லவா? அப்படியானால் இடைவெளிகளை அரை, ஒன்றரை, இரண்டரை, மூன்றரை, நாலரை, ஐந்தரை செ.மீ என்று வையுங்கள். கூட்டினால் அதே 18தான். அதே ஆறு நகர்வு, அதே அரை நொடி, ஆனால் இப்போது பந்துக்கு எடை வந்துவிடும். துள்ளி மேலே போகும்போது இது தலைகீழ்: தரைக்கு அருகே இடைவெளி அதிகம், உச்சியில் நெருக்கம்.

இங்கே அரை நொடி என்பது டைமிங். அந்த அரை நொடிக்குள் தூரத்தைப் பங்கிடுவது ஸ்பேசிங். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள், அசைவு சரியில்லை என்றால் நடுவே இன்னும் நாலு படம் சேர்ப்பார்கள். பந்து மெதுவாகும், எடை மட்டும் வராது.

இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. தொடக்க நிலை, முடிவு நிலை என்று இரண்டு கீ ஃபிரேம் வைத்தால் நடுவில் உள்ளதை மென்பொருள் நிரப்பும், உண்மைதான். ஆனால் பல மென்பொருள்கள் தாமாகப் போடும் வளைவு (நேரம் போகப் போகப் பொருளின் இடம் எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடு), தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைக் குறைத்துவிடும். விழுகிற பந்து தரைக்குச் சற்று மேலே பிரேக் போட்டு இறங்கும். வளைவைத் திருத்தும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, பந்து தரையைத் தொடும் இடத்தில் அந்த வளைவைக் கூராக உடைத்துவிட வேண்டும்.

பந்து நசுங்குவதையும் நீள்வதையும் எல்லாப் படத்திலும் போடுவது இன்னொன்று. வேகம் கூடும்போது நீளட்டும், தரையைத் தொடும்போது ஓரிரு படத்தில் நசுங்கட்டும், உச்சியில் உருண்டையாகவே இருக்கட்டும். நசுங்கும்போது பக்கவாட்டில் அகலம் கூட வேண்டும். இல்லையென்றால் பந்து சின்னதாகிவிட்டது போலத் தெரியும்.

அனிமேஷன் ஏன் அசைவாகத் தெரிகிறது என்பதற்குப் பல இடங்களில் ஒரே விளக்கம்தான் கிடைக்கும்: விழித்திரையில் முந்தைய படம் சற்று நேரம் தங்குகிறது என்பார்கள். அப்படித் தங்கினால் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று கலங்கித்தான் தெரிய வேண்டும். அடுத்தடுத்த இடங்களில் காட்டப்படுவதை மூளை ஒரே பொருளின் நகர்வாக இணைத்துக்கொள்கிறது. உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் 1912-இல் எழுதிய ஆய்வு இந்தத் திசையைத் திறந்துவிட்டது. இது வெறும் ஏட்டறிவு இல்லை. இடைவெளி மிகப் பெரிதானால் மூளையால் இணைக்க முடியாது, பொருள் விட்டுவிட்டுத் தாவும். அந்த இடத்தில் மட்டும் ஃபிரேமுக்கு ஒரு படம் வரையுங்கள், அல்லது உருவத்தை அசையும் திசையில் இழுத்துத் தேய்த்துக் காட்டுங்கள். மற்ற இடங்களில் நொடிக்கு 12 படமே தாராளம். எல்லாவற்றுக்கும் 24 வேண்டும் என்று உட்கார்ந்து, பாதியிலேயே விட்டுப்போனவர்கள் ஏராளம்.

வரலாற்றிலும் ஒரு தவறு உண்டு, அது கற்பவரை நேரடியாகவே பாதிக்கும். அனிமேஷன் வால்ட் டிஸ்னியிடமிருந்து தொடங்கியது என்று நினைப்பதைத்தான் சொல்கிறேன். மிக்கி மவுஸ் ஒலியோடு திரைக்கு வந்தது 1928-இல். அதற்கு வெகு முன்பே, 1892-இல், எமில் ரேனோ பாரிஸில் கையால் வரைந்த படச்சுருளை மக்கள் முன் ஓட்டிக் காட்டினார். எமில் கோல் 1908-இல் சுமார் 700 படங்களை வரைந்து ஒரு குறும்படம் எடுத்தார். தாதாசாகேப் பால்கே 1915-இல் தீக்குச்சிகளை அசைத்துப் படம் பிடித்தார். அர்ஜென்டினாவின் கிரினோ கிறிஸ்தியானி 1917-இலேயே முழுநீளப் படம் ஒன்றை அட்டை உருவங்களைக் கொண்டு முடித்தார். அதன் பிரதி எதுவும் மிஞ்சவில்லை என்பது பெரிய இழப்பு. ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926-இல், கத்தரிக்கோலால் வெட்டிய கறுப்பு நிழலுருவங்களைக் கண்ணாடி மேல் வைத்து நகர்த்தியே முழுநீளப் படம் தந்தார். டிஸ்னியின் முதல் முழுநீளப் படம் அதற்கும் 11 ஆண்டுகள் பிந்தியது. இதெல்லாம் தெரியாதவர்களுக்கு அனிமேஷன் என்றாலே பெரிய ஸ்டுடியோ, ஆயிரக்கணக்கான ஓவியங்கள் என்றுதான் தோன்றும். கருப்பு அட்டை, கத்தரிக்கோல், ஒரு விளக்கு போதும் என்பது மனதில் படாது.

வீடியோவை வைத்து அப்படியே நகலெடுப்பதும் சரிவராது. மாக்ஸ் ஃபிளைஷர் 1917-இல் காப்புரிமை பெற்ற ரோட்டோஸ்கோப் முறை இதுதான், நல்ல கருவிதான். ஆனால் கோட்டுக்குக் கோடு எடுத்தால் உருவம் மிதக்கிறது போல ஆகிவிடும். வீடியோவைப் பார்த்து முக்கியமான நிலைகளை மட்டும் எடுங்கள், அவற்றைச் சற்று மிகைப்படுத்துங்கள். அப்புறம் வீடியோவை மூடிவிட்டு நடுப்படங்களை நீங்களே வரையுங்கள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி உயர்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றை இரண்டு ஃபிரேம் பின்தள்ளினாலே உயிர் வரும்.

போனில் ஸ்டாப் மோஷன் (பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுப்பது) எடுப்பவர்களைக் கெடுப்பது பெரும்பாலும் வெளிச்சம்தான். ஜன்னல் ஓரத்தில் எடுத்தால் மேகம் வந்து போவதெல்லாம் படத்தில் மினுக்கும். திரைச்சீலையை மூடி மேஜை விளக்கைப் போடுங்கள். கேமராவின் ஃபோகஸ், எக்ஸ்போஷர் (உள்ளே வரும் வெளிச்சத்தின் அளவு), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது) மூன்றையும் பூட்டுங்கள். ஸ்டாண்டையும் மேஜையையும் டேப் போட்டு ஒட்டுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்தால், நீங்கள் நகரும்போதெல்லாம் பொம்மை மேல் விழும் வெளிச்சம் மாறும். கறுப்புச் சட்டையே நல்லது.