ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்: எங்கே சறுக்குகிறார்கள்?

அணையாமல் எரிவதுதான் நரகம். அது பனிக்கட்டியாய் உறைவது நடக்கிற காரியமா? அதனால்தான் ஆங்கிலத்தில் ‘வென் ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்’ (நரகம் உறையும்போது) என்றால் ‘ஒருநாளும் நடக்காது’. பொருள் எல்லோருக்கும் தெரிகிறது. வாக்கியத்தில் வைக்கும்போதுதான் புதிதாக எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுகிறார்கள்.

வென் வேறு, அன்டில் வேறு

இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாற்றிப் போடுவதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் பொருள் அப்படியே தலைகீழாகிவிடும். ‘ஐ வில் லவ் யூ அன்டில் ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்’ என்றால் என்றென்றும் காதலிப்பேன். அதில் ‘வென்’ போட்டால், உன்னை ஒருக்காலும் காதலிக்கமாட்டேன்! ‘வென்’ ஒரு செயல் தொடங்கும் நேரத்தைச் சொல்கிறது. அந்த நேரம் வரப்போவதில்லை, செயலும் தொடங்காது. ‘அன்டில்’ முடியும் நேரத்தைச் சொல்கிறது. அது வராததால் செயல் முடிவதே இல்லை.

1962 அக்டோபர் 25, கியூபா ஏவுகணை நெருக்கடி. ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன், கியூபாவில் ஏவுகணை வைத்திருக்கிறீர்களா இல்லையா என்று சோவியத் தூதர் சோரினை மடக்கினார். உரிய நேரத்தில் பதில் வரும் என்று சோரின் நழுவ, ‘அன்டில் ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்’ காத்திருக்கத் தயார் என்றார் ஸ்டீவன்சன். எத்தனை காலமானாலும் விடமாட்டேன் என்பதே அதன் அழுத்தம். அங்கே ‘வென்’ வந்திருந்தால், காத்திருக்கவே முடியாது என்றாகியிருக்கும்.

‘வோன்ட்’ சேர்ப்பதிலும் இதே கவனம் வேண்டும். ‘ஐ வோன்ட் சைன் அன்டில்…’ சரி: கையெழுத்துப் போடவே மாட்டேன். ‘வென்’ வந்தால் ‘ஐ வில் சைன் வென்…’ போதும். மறுப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

அத்தி பூத்தாற்போல அல்ல

அது எப்போதாவது நடப்பது. இது நடக்கவே நடக்காதது. ‘சூரியன் மேற்கே உதித்தால் பார்க்கலாம்’ என்பதே நெருக்கம்.

‘வில் ஃப்ரீஸ்’ வேண்டாம்

எதிர்காலத்தைச் சொன்னாலும் ‘ஃப்ரீசஸ்’தான். நடக்காது என்றிருந்தது நடந்தேவிட்டால், வியப்போடு ‘ஹெல் ஹாஸ் ஃப்ரோசன் ஓவர்’ என்பார்கள். ‘ஃப்ரீஸ்ட்’ என்றொரு சொல் கிடையாது.

‘ஓவர்’ஐ விழுங்காதீர்கள்

மேற்பரப்பு முழுக்கப் பனி மூடுவதை அதுதான் காட்டுகிறது.

அலுவலக மெயிலில்

கூடவே கூடாது. ‘ஹெல்’ சிலருக்கு வசைச்சொல். போதாக்குறைக்கு, முகத்தில் அடித்தாற்போல் மறுக்கும் தொனி. மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ ‘ஐ அம் அஃப்ரெய்ட் தட் இஸ் நாட் பாசிபிள்’ என்று எழுதுங்கள்.