ஃப்ரீக்வென்சில இருந்து டைம் பீரியட் எடுக்கும்போது தப்பு எங்க நடக்குது

ஃபார்முலா ஒரே வரி தான், டி = 1/எஃப். ஸ்கூல் புக்ல அதிர்வெண், அலைவு நேரம்னு போட்டிருக்கும், பாலிடெக்னிக் ஐடிஐ பசங்க ஃப்ரீக்வென்சி, டைம் பீரியட்னு சொல்வாங்க, ரெண்டும் ஒன்னு தான். ஒரு செகண்டுல எத்தனை தடவ முழுசா ஆடுதுன்றது எஃப், ஒரு தடவ முழுசா ஆட எவ்ளோ நேரம் ஆவுதுன்றது டி. தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் சாயங்காலம் டியூஷன் எடுக்குறவங்கள கேட்டு பாருங்க, வகுக்கத் தெரியாம மார்க் வுடுற புள்ளைங்க ரொம்ப கம்மி. யூனிட்ல வுடுவாங்க, இல்லன்னா எது ஒரு சைக்கிள்னு பாக்காம எண்ணிட்டு வுடுவாங்க. நல்லா படிக்குற புள்ளைங்களும் இதுல தான் மாட்டுது, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

மொதல்ல கால்குலேட்டர் தப்பு, ஏன்னா இது தான் நெறைய நடக்குது. காசிமேட்டு லாஞ்சுல மீன் கூட்டம் எங்க இருக்கு, ஆழம் எவ்ளோன்னு பாக்க எக்கோ சவுண்டர் வெச்சிருப்பாங்க இல்ல, அதுல பொதுவா 50 கிலோ ஹெர்ட்ஸ், 200 கிலோ ஹெர்ட்ஸ்னு ரெண்டு ஃப்ரீக்வென்சி வரும். 50 கிலோ ஹெர்ட்ஸுக்கு டைம் பீரியட் கேட்டா பையன் 1 ÷ 50 × 10³னு வரிசையா தட்டுறான், 20ன்னு வருது, 20 செகண்ட்னு எழுதிட்டு அடுத்த கணக்குக்கு போய்டுறான். கால்குலேட்டர் என்ன பண்ணுச்சுன்னா 1ஐ 50ஆல வகுத்துட்டு அப்புறம் ஆயிரத்தால பெருக்கிடுச்சு, ஆயிரமும் கீழ இருக்கணும்னு அதுக்கு எப்டி தெரியும். 50 × 10³ மொத்தத்தையும் பிராக்கெட்ல போட்டு தட்டுனா 0.00002 செகண்ட் வரும், அதாவது 20 மைக்ரோ செகண்ட். 20ன்ற நம்பர் ரெண்டுலயும் ஒன்னா இருக்கறதால சந்தேகமே வராது, ஆனா பத்து லட்சம் மடங்கு தப்பு. நம்ம வீட்டு கரண்ட்டும் இதே மாதிரி தான் குழப்பும், அது 50 ஹெர்ட்ஸ், அதுக்கும் 20 தான் வரும், ஆனா மில்லி செகண்ட்.

இதுக்கு ஒரு வழி மனசுல வெச்சுக்கலாம். ஹெர்ட்ஸ்ல வகுத்தா செகண்ட், கிலோ ஹெர்ட்ஸ்ல வகுத்தா மில்லி செகண்ட், மெகா ஹெர்ட்ஸ்ல வகுத்தா மைக்ரோ செகண்ட், கிகா ஹெர்ட்ஸ்னா நேனோ செகண்ட். சென்னை மீடியம் வேவ் ஸ்டேஷன் 720 கிலோ ஹெர்ட்ஸ், 1/720 போட்டா 0.00139 மில்லி செகண்ட், அதாவது 1.39 மைக்ரோ செகண்ட். எஃப்எம் ரெயின்போ 101.4 மெகா ஹெர்ட்ஸ், 1/101.4 போட்டா 0.00986 மைக்ரோ செகண்ட், 9.86 நேனோ செகண்ட்னு எழுதுனா படிக்க நல்லாருக்கும். பத்தின் அடுக்குல மைனஸ் போட்டு தடுமாறுற புள்ளைங்களுக்கு இந்த வழி தான் நான் சொல்லித் தருவேன்.

எக்கோ சவுண்டர்ல இன்னொரு குழப்பமும் இருக்கு. சத்தம் கீழ போய் முட்டிட்டு திரும்பி வர்ற நேரத்த டைம் பீரியட்னு நெனச்சுக்குறாங்க. 30 மீட்டர் ஆழம்னா போக வர 60 மீட்டர், கடல் தண்ணில சத்தம் செகண்டுக்கு கிட்டத்தட்ட 1500 மீட்டர் போவும், அப்போ 40 மில்லி செகண்ட்ல திரும்பி வந்துடும். அது பயண நேரம். ஒரு அலை ஒரு தடவ ஆடுற நேரம் அதே 20 மைக்ரோ செகண்ட் தான், ஆழம் கூடினாலும் கொறஞ்சாலும் மாறாது. வேகத்தையே உள்ள இழுக்கக் கூடாது பா. கேள்வில சத்தத்தோட வேகம் 340 மீட்டர், ஃப்ரீக்வென்சி 170 ஹெர்ட்ஸ்னு ரெண்டையும் குடுத்திருப்பாங்க, குடுத்ததெல்லாம் யூஸ் பண்ணியே ஆகணும்னு 340/170 = 2 செகண்ட்னு எழுதுவாங்க, அந்த 2 அலைநீளம், மீட்டர்ல. டைம் பீரியட் 1/170, கிட்டத்தட்ட 5.9 மில்லி செகண்ட். காத்துல இருந்து தண்ணிக்கு போனா வேகம் மாறும், அலைநீளம் மாறும், டைம் பீரியட் மாறவே மாறாது.

மெதுவா ஆடுறதுல வேற மாதிரி தப்பு. திருவொற்றியூர் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள்ள நீட்டிப் போட்டிருக்கற கல்லு வரிசை மேல நின்னு அலைய எண்ணுறீங்கன்னு வெச்சுக்கோங்க, மொத அலை முகடு கல்ல தொட்டதும் வாட்ச்ச ஸ்டார்ட் பண்ணி, பதினொன்னாவது முகடு வந்ததும் நிறுத்துனா 80 செகண்ட். நெறைய பேர் 80/11னு போடுவாங்க. பதினொரு முகட்டுக்கு நடுவுல இருக்கறது பத்து இடைவெளி தான், அதனால 80/10, 8 செகண்ட், ஃப்ரீக்வென்சி 0.125 ஹெர்ட்ஸ். ஸ்டார்ட் பண்ணும்போது வர்ற முகட்ட சைபர்னு எண்ணுங்க, பிரச்சனை தீந்துச்சு. 0.125 ஹெர்ட்ஸுக்கு டைம் பீரியட் கேட்டா 0.8, 0.08னு எழுதுற புள்ளைங்களும் உண்டு. ஃப்ரீக்வென்சி ஒன்னுக்கு கீழ போனா டைம் ஒரு செகண்டுக்கு மேல வந்தே தீரும், இத ஒரு தடவ பாத்தாலே தப்பு பிடிபட்டுடும்.

கரண்ட் சமன்பாட்டுல 325 சைன் 314டின்னு குடுத்தா (இங்க டின்றது ஓடுற நேரம், டைம் பீரியட் இல்ல) 314 தான் ஃப்ரீக்வென்சின்னு 1/314 போட்டு 3.18 மில்லி செகண்ட் எடுப்பாங்க. 314ன்றது ஒமேகா, செகண்டுக்கு எத்தனை ரேடியன்ற கோணக் கணக்கு, ஒரு முழு சைக்கிளுக்கு 2π ரேடியன். அதனால 2π-ஐ 314ஆல வகுக்கணும், பழைய 20 மில்லி செகண்டே வரும். லேத் பட்டறை மோட்டார்ல 1440 ஆர்பிஎம்னு போட்டிருந்தாலும் நேரா தலைகீழா போடாதீங்க, அது நிமிஷக் கணக்கு, 60ஆல வகுத்தா செகண்டுக்கு 24 சுத்து, ஒரு சுத்துக்கு 41.7 மில்லி செகண்ட்.

பர்சன்ட் கணக்குலயும் உஷாரு. ஃப்ரீக்வென்சி 10 பர்சன்ட் ஏறுனா டைம் 10 பர்சன்ட் இறங்காது, 50 போய் 55 ஆனா 20 மில்லி செகண்ட் 18.18 ஆவும், அது 9.1 பர்சன்ட் தான்.

லேப்ல சிஆர்ஓ, அதாவது கட்டம் போட்ட திரையில அலைய வரைஞ்சு காட்டுற கருவி முன்னாடி நிக்கும்போது தான் எது ஒரு சைக்கிள்ன்ற கேள்வி நேரா மூஞ்சிக்கு வரும். அலை நடுக்கோட்ட வெட்டுற ஒரு இடத்துல இருந்து அடுத்து வெட்டுற இடம் வரைக்கும் எண்ணுனா பாதி சைக்கிள் தான். ஒரே பக்கமா, மேல ஏறிப் போவும்போது வெட்டுற ரெண்டு இடத்த எடுக்கணும், இல்லன்னா முகட்டுல இருந்து அடுத்த முகடு. கட்டத்துக்கு 5 மில்லி செகண்ட் வெச்சிருந்தா மெயின்ஸ் கரண்ட் 4 கட்டம் புடிக்கும், 2 கட்டம்னு எண்ணிட்டா 100 ஹெர்ட்ஸ்னு தப்பா வரும். ஆனா ஏசிய டிசியா மாத்துற பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்கு அப்புறம் பாத்தா, கீழ போற பாதியும் மேல திரும்பிடறதால நெஜமாவே 10 மில்லி செகண்டுக்கு ஒரு தடவ திரும்ப வரும், அங்க 100 ஹெர்ட்ஸ் தான் சரி, அத 50ன்னு மாத்தி எழுதிடாதீங்க. கட்டத்துக்கு எவ்ளோ நேரம்னு வெக்குற டைம் நாப் நடுவுல இருக்கற சின்ன திருகு ‘CAL’னு போட்ட இடத்துல இல்லன்னா கட்டக் கணக்கே செல்லாது. அப்புறம் சர்க்யூட்ட தொட்டு சிஆர்ஓவுக்கு சிக்னல் கொண்டு வர்ற புரோப்ல பத்து மடங்குனு சுவிட்ச் இருக்கு பாருங்க, அது வோல்டேஜுக்கு மட்டும், டைம அதால பெருக்கவும் கூடாது வகுக்கவும் கூடாது.