பாட்சால் மண்ணுல களிமண் எங்க போச்சு? அடிக்கடி பண்ற தப்புகள்

பாட்சால்னா மேல வெளுத்த அடுக்கும் கீழ செவந்த அடுக்குமா இருக்கற புளிப்பான மண்ணு வகை. அத வெட்டிப் பாத்த குழியோட போட்டோவ காட்டினா முக்காவாசி பேர் சொல்ற பதில், "மேல வெளுத்திருக்கு, கீழ செவந்திருக்கு, அப்போ மேல இருந்த களிமண் கீழ எறங்கிருச்சு". மத்த தப்பெல்லாம் இதுலேர்ந்துதான் கிளம்புது, அதனால முதல்ல இத விடுங்க.

எறங்கினது இரும்பும் அலுமினியமும், கூடவே மக்கிப்போன இலைதழையோட கரிமப் பொருளும். பைன் ஊசியிலை மக்கறப்ப வர்ற கரிம அமிலம் அந்த ரெண்டையும் புடிச்சுக்கிட்டு தண்ணியோட கீழ போயி பி அடுக்குல (கீழ இருக்கற அந்த செவந்த அடுக்கு) படியுது, மேல இருந்த களிமண்ணு அந்த அமிலத்துல சிதைஞ்சே போயிடுது. களிமண் துகள் சிதையாம அப்படியே தண்ணியில எறங்கி படியறதுக்கு லெஸ்ஸிவாஜ்னு பேரு, அது லூவிசால்ங்கற இன்னொரு மண்ணு வகையில நடக்கற வேலை. அதுக்கு பிஎச் (எண் கொறையக் கொறைய மண்ணு புளிப்பு) சுமாரா 5லேர்ந்து 6.5 வரை இருக்கணும், அதுக்கும் கீழ போனா கரைஞ்சு வர்ற அலுமினியம் துகளையெல்லாம் ஒண்ணா ஒட்ட வெச்சிரும், அப்புறம் நகராது. பாட்சால் மேல்மண்ணு 4 பக்கத்துல இருக்கும், யோசிச்சுக்கோங்க.

கலர மட்டும் நம்பாதீங்க, ஒரு கை லென்ஸ் எடுத்துக்கோங்க. களிமண் எறங்கி படிஞ்ச அடுக்குல மண்கட்டி மேலயும் வேர் போன ஓட்டையிலயும் மெழுகு தேய்ச்ச மாதிரி பளபளன்னு ஒரு தோல் தெரியும். பாட்சால்ல அது இல்ல, கீழ பி அடுக்குல மணல் துகளைச் சுத்தி கரும்பழுப்பு பூச்சு இருக்கும், அதுவும் அங்கங்க வெடிச்சுப் போயிருக்கும், மேல இருக்கற வெள்ளை அடுக்குல துகள் பூச்சே இல்லாம வெறும் குவார்ட்ஸா நிக்கும்.

குளிர் நாட்டுல மட்டும்தான் பாட்சால்னு நினைக்கறதும் தப்பு. அமேசான்ல ரியோ நீக்ரோ ஆத்துத் தண்ணி கறுப்பா ஓடறதுக்கே அந்தப் பக்கத்து பாட்சால்தான் பெரிய காரணம்.

இப்ப எதிர்ப்பக்கத் தப்பு: பாட்சால் இருக்கற இடத்துல களிமண் எறங்கவே இல்லன்னு அடிச்சு சொல்றது. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல கல்காஸ்கா மணல், 1990ல அதத்தான் மாநில மண்ணுன்னு அறிவிச்சாங்க, அது நல்ல பாட்சால். ஆனா அதே மாநிலத்துல சில குழியில மேல பாட்சால் அடுக்கு முழுசா இருக்கும், அதுக்கும் கீழ இன்னொரு வெளுத்த அடுக்கு, அப்புறம் களிமண் படிஞ்ச பட்டைங்க. பனிப்பாறை போனப்புறம் சுண்ணாம்பு கரைஞ்சு பிஎச் நடுவுல இருந்த காலத்துல களிமண் எறங்கிச்சு, அப்புறம் மண்ணு புளிக்கப் புளிக்க மேல பாட்சால் உருவாச்சுன்னுதான் பொதுவா விளக்கம் சொல்றாங்க. அதனால குழிய பாதியில நிறுத்தாதீங்க, சிவப்பு அடுக்கு வந்ததும் ஏறிட்டா கீழ இருக்கற பாதிக் கதை போயிடும்.